சென்னியப்பன் காரில் மாட்டிய ஆயில் மீட்டர்

ஒத்தப்பனைமேட்டு டாக்சி ஸ்டாண்டில் சென்னியப்பனுடைய வெள்ளைக் காருக்கு ஆயில் மீட்டர் மாட்டிய அன்றைக்கு மழையும் இல்லை, கிரகணமும் இல்லை, கோயில் மணி தானாக அடிக்கவும் இல்லை. சேலத்திலிருந்து கோயமுத்தூர் போகிற பெரிய ரோட்டில் எப்போதும்போல லாரிகள் போய்க்கொண்டிருந்தன, எப்போதும்போல முக்கால்வாசி ஊர் அந்த லாரிகளில் ஏறி எங்கேயோ போயிருந்தது, மிச்சமிருந்த கால்வாசி ஊர் டீக்கடையில் உட்கார்ந்து போனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் லாரி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் லாரிக்கு பாடி கட்ட வேண்டும், இரண்டுக்கும் ஆகாதவன் லாரியைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். சென்னியப்பன் இந்த மூன்றிலும் சேராமல் வாடகைக் கார் வைத்திருந்தான், அதனால் ஊர் அவனைக் கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தது.

அவனுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. போன வருஷம் ஒரு கல்யாணப் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும்போது எஞ்சினில் ஆயில் இறங்கிப்போய், அதைச் சொல்ல வேண்டிய சிவப்பு லைட் ஃபியூஸாகிக் கிடந்ததால் சொல்லாமல் இருந்துவிட, எஞ்சின் பாதி மலையில் சூடேறி இறுகி, சீஸாகி நின்றது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தள்ள வேண்டியதாயிற்று, அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் தன் வாழ்க்கையில் எது கெட்டுப்போனாலும் சென்னியப்பன் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறான். அன்றிலிருந்து சென்னியப்பனுக்கு லைட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது. முள் வேண்டும், எண் வேண்டும், எஞ்சினுக்குள் இத்தனை கிலோ பிரஷர் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கோயமுத்தூர் பழைய இரும்புச் சந்தையில் அரை நாள் அலைந்து, பித்தளை வளையம் வைத்த, கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல் விழுந்த, கனமான ஒரு ஆயில் மீட்டரைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

மெக்கானிக் ஜோசப்ராஜ் அதை முறையாகத்தான் மாட்டினான். சிவப்பு லைட்டுக்கு ஒயர் போகிற சுவிட்சைக் கழற்றினான், அந்த ஓட்டையில் ஆங்கில T எழுத்துபோல மூன்று வாய் வைத்த ஒரு பித்தளை டீயை முடுக்கி ஒரு பக்கம் சுவிட்சையும் இன்னொரு பக்கம் மெல்லிய டியூபையும் மாட்டினான், மரையில் வெள்ளை டேப் சுற்றினான், டியூபை எஞ்சினுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்து, தகரம் வெட்டாமல் இருக்க ரப்பர் வளையம் வைத்து, டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மீட்டரை உட்காரவைத்தான். சென்னியப்பன் மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான், கற்பூரம் காட்டினான். எங்கள் ஊரில் ஸ்பார்க் பிளக் மாற்றினால்கூட எலுமிச்சம்பழம் உண்டு.

சாவியைப் போடுவதற்கு முன்பே முள் எழுந்து மூன்றரையில் நின்றது.

"ஏனுங்ணா, சாவி போட்டுட்டீங்களா?" என்று பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஜோசப்ராஜ் கேட்டான்.

"சாவி என்ற கையில இருக்குது பாரு" என்று சென்னியப்பன் சாவியைத் தூக்கிக் காட்டினான்.

ஜோசப்ராஜ் வந்து முள்ளைப் பார்த்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தான், மூன்றரை. நிறுத்திப் பார்த்தான், மூன்றரை. டியூபைக் கழற்றிப் பார்த்தான், அப்போதும் மூன்றரை. பிறகு யாரும் தொடாமலே முள் மெல்ல ஏறி நாலேகாலுக்குப் போய், ஒரு சின்ன வெட்டு வெட்டி இறங்கி, மறுபடி ஏறியது. அவன் டியூபைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"மீட்டர் நல்ல மீட்டருங்ணா. ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா இது உங்க வண்டியச் சொல்லல. இது முந்தி இருந்த லாரியச் சொல்லிக்கிட்டு இருக்குது."

"அந்த லாரி எங்க இருக்குது?"

"எங்கியோ ஓடிக்கிட்டு இருக்குதுங். இப்ப மேடு ஏறுது. பாருங்க, கியர் மாத்தறான்."

இதைக் கேட்டு ஆச்சரியப்பட எங்கள் ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் கியர் மாற்றுகிறான் என்ற சொல் காதில் விழுந்ததுமே டீக்கடையில் இருந்த கால்வாசி ஊரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து காரைச் சுற்றி நின்றுகொண்டது, கியரை அவன் சரியாக மாற்றினானா என்று சொல்ல எல்லோருக்கும் வாய் துறுதுறுத்தது. ஒருவர் பளு அதிகம் என்றார், ஒருவர் பளு சரிதான், கிளட்சை அழுத்திக்கொண்டே ஓட்டுகிறான் என்றார், இன்னொருவர் இது நெல்லு லோடு இல்லை, சிமெண்டு என்று முள்ளைப் பார்த்தே அடித்துச் சொன்னார். முள் சரிந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றதும் எல்லோருக்கும் பகீரென்றது; ஜோசப்ராஜ்தான், பயப்பட ஒன்றுமில்லை, டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான் என்று விளக்கினான், உடனே கால்வாசி ஊரும் திரும்பிப் போய் அந்த முகம் தெரியாத டிரைவருக்குத் துணையாக இன்னொரு டீ சொல்லிக் குடித்தது.

இப்படியாக அந்த லாரி எங்கள் ஊரில் குடியேறியது. அவன் டீக்கு நிறுத்தினால் ஊர் டீ குடித்தது, சோற்றுக்கு நிறுத்தினால் ஊர் சோற்றுக்கு உட்கார்ந்தது, மத்தியானம் சாப்பிடாமல் ஓட்டினால் பெண்கள், வயிறு என்னத்துக்கு ஆகும், இப்படி ஓட்டி யாரை வாழவைக்கப் போகிறான் என்று காருக்குப் பக்கத்தில் நின்று திட்டினார்கள். கூட்டுறவு பேங்க் மேனேஜர் முள் இறங்கினால்தான் சாப்பாட்டுக்குப் போனார். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அவன் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்ததால் ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போன சித்திரான்னத்தைப் பிரிக்க மனசு வராமல் பாதிப் பேர் திரும்பக் கொண்டுவந்தார்கள். டாக்சி ஸ்டாண்டில் முறைப்படி முதல் டர்ன் சென்னியப்பனுக்கு வந்தாலும் அவனால் வண்டியை எடுக்க முடியவில்லை, எடுத்தால் லாரி எங்கே போகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஜனம் மறித்துக்கொண்டு நின்றது. ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்ட சவாரி ஆளும், அதுவும் நியாயம்தான், கொஞ்சம் இருங்கள், அவன் மேடு ஏறி முடிக்கட்டும் என்று கதவைத் திறந்து இறங்கிவிடுவார்.

"என்ற வண்டி ஆயில் எவ்வளவுன்னு பாக்கத்தானே மீட்டர் வாங்குனேன்" என்று சென்னியப்பன் முனகினான்.

"ஆமாப்பா, உன்ற வண்டி எங்க போயிருது? கண்ணு முன்னாடி நிக்குது. அந்த லாரியப் பாரு, பாவம், எந்தக் காட்டுல கெடக்குதோ" என்று ஊர் அவனைக் கோபித்துக்கொண்டது.

அவனுக்கு ஒரு அக்கா, பாவாத்தாள் என்று பெயர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அவள் புருஷன் அர்த்தனாரி வெகுநாள் முன்னால் ஒரு லோடை ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை; செத்தான் என்று சேதியும் இல்லை, இருக்கிறான் என்று சேதியும் இல்லை. அவள் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் இட்லியும் மத்தியானம் சாப்பாடும் போட்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் இருந்ததால், ஊர் அவளைப் பொறுமைசாலி என்று முடிவுகட்டி வைத்திருந்தது. லாரி வந்து போகிற ஊரில், ஏர் பிரேக் புஸ்ஸென்று சத்தம் போடும்போதெல்லாம் அவள் கையில் இருக்கிற கரண்டி ஒரு நொடி நின்று பிறகு அசைவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை ஏக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம் தம்பி சாப்பிட வராததால் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவளே ஸ்டாண்டுக்கு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவள் மீட்டரைப் பார்த்தாள், கண்ணாடியில் இருந்த கீறலைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்கூட்டுக்காரரு லாரி மீட்டரு" என்றாள்.

"எப்படிக்கா சொல்றே?"

"இந்தக் கீறல எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, அதற்கு மேல் கேட்கவும் யாருக்கும் பொறுமை இல்லை. அர்த்தனாரி உயிரோடிருக்கிறான் என்று கத்திக்கொண்டு ஒருவர் ஓடினார், வெடிக்கடைக்கு ஒருவர் ஓடினார், கால்வாசி ஊரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது, அத்தனை நாள் பெயர் தெரியாமல் பாசம் வைத்த டிரைவர் கடைசியில் உள்ளூர் மாப்பிள்ளையாகவே போய்விட்டால் யாருக்குத்தான் அழுகை வராது. சென்னியப்பன் மட்டும் அக்கா முகத்தைப் பார்த்தான். அது சந்தோஷப்பட்ட முகம் மாதிரி அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷம் அவள் முகத்தில் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் சும்மா இருந்துவிட்டான்.

அடுத்த வாரம் முள் இறங்க ஆரம்பித்தது. மூன்று, இரண்டரை, மேடு ஏறும்போதுகூட இரண்டுதான். அதே சமயம் ஜோசப்ராஜ் காரின் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அது துடைத்துவைத்ததுபோல் வந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, சைலன்சரில் புகையில்லை, ஓடாத காரில் ஆயில் மட்டும் காலி. அவன் அந்தப் பித்தளை டீயில் காதை வைத்துக் கேட்டான், டியூபை விரலால் தட்டிப் பார்த்தான், பிறகு எழுந்து, மீட்டர் வழியாகக் காரின் ஆயிலை லாரி குடித்துக்கொண்டிருக்கிறது, குடித்தும் அதற்குப் பத்தவில்லை, அந்த ஆளுக்குத் தன் வண்டியில் ஆயில் இல்லாதது தெரியவே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் மீட்டர் இல்லையே, மீட்டர் இங்கே இருக்கிறதே, இன்னும் கொஞ்ச நாளில் எஞ்சின் சீஸாகி நடுரோட்டில் நிற்கப்போகிறான் என்று சொன்னான்.

சொல்லி முடிப்பதற்குள், கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாவாத்தாள் அங்கே இல்லை. கடை ரோட்டுக்கு ஓடினாள், ஒரு கேன் எஞ்சின் ஆயிலைத் தூக்கிக்கொண்டு இரைக்க இரைக்கத் திரும்பி வந்தாள், யாரையும் கேட்காமல் மூடியைத் திறந்து மொத்தத்தையும் காரில் ஊற்றினாள். முள் நிமிர்ந்து மூன்றரையில் நின்றது. அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. புருஷன் எங்கேயோ ஓட, இவள் இங்கிருந்து எண்ணெய் ஊற்ற, எந்தக் காலத்தில் கேள்விப்பட்டோம் இப்படி ஒரு கற்பை! அவள் தினமும் காலையில் ஒரு கேனோடு வந்தாள், தினமும் ஊர் எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமைகளில் சுமங்கலிகள் வரிசையாக வந்தார்கள், கையில் கிண்ணத்தில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். இது எஞ்சின், விளக்கு இல்லை என்று ஜோசப்ராஜ் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காததால் பானெட் மேல் "எஞ்சின் ஆயில் மட்டும்" என்று பெயிண்டில் எழுதிவைத்தான், அதற்கும் மஞ்சள் தெளித்துவிட்டுப் போனார்கள். காரில் கோயில் மூலஸ்தான வாசனை அடிக்க ஆரம்பித்தது. பாவாத்தாள் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் தாங்கவில்லை, அவள் கையால் ஒரு கரண்டி சாம்பார் வாங்கினால் ஓடிப்போனவன் திரும்புவான் என்று பவானியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள்.

எல்லாம் இப்படியே போயிருக்கும், குப்பண்ணன் நடுவில் வராமல் இருந்திருந்தால். குப்பண்ணன் ரைஸ்மில் முதலாளி, கோயில் கமிட்டித் தலைவர், பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பது அவருக்குக் கைவந்த கலை. சேர்த்துவைத்த குடும்பங்கள் பிறகு என்ன ஆயின என்று அவர் போய்ப் பார்த்ததில்லை, அது தலைவர் வேலை இல்லை. அவர் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"இந்த அம்முணி எத்தன காலத்துக்கு எண்ணெய ஊத்திக்கிட்டே இருக்கும்?" என்று மைக்கில் கேட்டார். "நாம எல்லாம் மடையனுங்களா? எண்ணெய ஊத்த ஊத்தத்தானே லாரி ஓடுது, ஓட ஓடத்தானே அவன் வராம இருக்கான்? நிறுத்துங்க. அந்தக் குழாயக் கழட்டி அடைங்க. லாரி நிக்கும். நின்னா அவன் என்ன பண்ணுவான்? பஸ் ஏறி வூட்டுக்கு வருவான். இதுல என்ன கஷ்டம்?"

மண்டபம் இடிகிற மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் நமக்குத் தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து பாவாத்தாள் எழுந்து, "வேண்டாமுங்க" என்றாள். வெட்கப்படுகிறது என்று பெண்கள் சிரித்து அவளை உட்காரவைத்தார்கள். குப்பண்ணன் சென்னியப்பனைப் பார்த்து, உன் வண்டி, நீ சொல்லப்பா என்றார். அத்தனை ஆண்களும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சரிங்க என்றான்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சோற்றைப் போட்டுவைத்துவிட்டு பாவாத்தாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"சென்னியா, நான் ஏன் ஊத்தறேன்னு நெனச்சே?"

"மச்சான் நல்லா இருக்கோணும்னு."

"அவரு வரக்கூடாதுன்னு ஊத்தறேன்டா. வண்டி ஓடற வரைக்கும் அவரு வரமாட்டாரு. எனக்கு அது தெரியும். அந்தக் கண்ணாடில கீறல் எப்படி உழுந்துதுன்னு நெனச்சே? லாரிக்கு ஆறிப்போன சோத்தக் கொண்டாந்துட்டேன்னு டிபன் பாக்ஸத் தூக்கி என்ற மூஞ்சியப் பாத்து எறிஞ்சாரு. நான் குனிஞ்சேன். மீட்டரு குனியல. குனியாம நின்ன நாளு எத்தனையோ இருக்குது, அதெல்லாம் உனக்கு எதுக்கு. அவரு போன பொறவுதான் நான் முழுசாத் தூங்கறேன். ரோட்டுல பிரேக் சத்தம் கேட்டா இப்பவும் கரண்டி நின்னுபோவுது, வந்துட்டாரோன்னு."

வீங்கிய கன்னத்தோடு அவள் வந்த நாட்களில் பல்வலி என்று அவள் சொன்னதும், அதை அவன் நம்பியதும், நம்புவது சௌகரியமாக இருந்ததும் எல்லாம் சென்னியப்பனுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன.

"மண்டபத்துலயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"மைக்க அவரு புடிச்சிருந்தாரு" என்று பாவாத்தாள் சொன்னாள்.

ஆவணி முகூர்த்த நாளில் பந்தல் போட்டார்கள். டாக்சி ஸ்டாண்டில் வாழைமரம் கட்டினார்கள், பம்பை மேளம் வந்தது, கார் மேல் மாலை போட்டார்கள், மண்டபத்தில் வடை பாயசத்தோடு சமையல் நடந்தது. குப்பண்ணன் பாவாத்தாளுக்கு அரக்கு நிறத்தில் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தார், அர்த்தனாரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் இதே பந்தலில் மாலை மாற்றிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அவள் அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு, தண்டனை கேட்கக் காத்திருக்கிறவள்போல ஓரமாக நின்றாள். முள் இரண்டில் ஆடிக்கொண்டிருந்தது. லாரி எங்கேயோ மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல நேரம் வந்ததும் ஜோசப்ராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தான். பித்தளை டீயில் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகத்தான் வேண்டும்.

"இரு ஜோசப்பு" என்றான் சென்னியப்பன்.

மேளம் நின்றது. அவன் அக்காவிடம் நடந்து போனான்.

"அக்கா, இத்தன பேரு இருக்கறாங்க. எல்லாத்தையும் கேட்டாச்சு, உன்னக் கேக்கல. இப்ப நான் கேக்கறேன். என்ன பண்ணட்டும்?"

அவள் அவனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள்.

"தொரத்தோணும்" என்றாள்.

அவன் கதவைத் திறந்துவிட்டான். அவள் பட்டுச்சேலையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், மீட்டருக்கு மாலை போடப்போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருகி வண்டியை ஸ்டார்ட் செய்தான், வலது கால் ஓரத்தில் இருக்கிற பெடலைக் காட்டினான், அதை மட்டும் அழுத்து என்றான், பிறகு முன்பக்கம் போய் மிச்சமிருந்த கேனை எல்லாம் திறந்து ஒவ்வொன்றாக எஞ்சினில் கவிழ்த்தான்.

அவள் அழுத்தினாள். கார் உறுமியது, முள் மூன்றுக்கு வந்தது, நாலுக்கு வந்தது. அவள் இன்னும் அழுத்தினாள். டியூப் நரம்புபோல் விடைத்துக்கொண்டது, பந்தல் வாழைமரங்கள் உதறின, முள் ஐந்தைத் தாண்டி ஆறைத் தாண்டி எண்ணெல்லாம் தீர்ந்துபோன இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. எந்த ரோட்டிலோ எந்த மலையிலோ ஒரு லாரி முன்னங்கால் தூக்காத குறையாகப் பாய்ந்து போவதை நாங்கள் எல்லோரும் அந்த முள்ளில் பார்த்தோம், பளுவைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ கருத்துச் சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"அக்கா, கால எடுங்க! காருல ஆயில் நிக்கல, அத்தனையும் அங்க போகுது, எஞ்சின் போயிருமுங்!" என்று ஜோசப்ராஜ் கத்தினான்.

"போவுட்டும்" என்றான் சென்னியப்பன்.

அவள் எழுந்து நிற்காத குறையாகப் பெடல் மேல் மொத்த பாரத்தையும் போட்டாள். பித்தளை அண்டாவைக் கிணற்றுக்குள் போட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. கார் ஒரு தடவை குலுங்கி நின்றது, பானெட்டிலிருந்து நல்லெண்ணெய் கருகிய புகை எழுந்தது. முள் மட்டும் இறங்கவில்லை.

குப்பண்ணன் மைக்கைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறும் வாயால் கேட்டார். "என்ன பண்ணிப்போட்டே அம்முணி?"

பாவாத்தாள் காரை விட்டு இறங்கினாள். மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை.

"தொரத்தி உட்டுட்டனுங்க. இனி வரமாட்டாரு. அப்படியும் வந்தா உங்க மில்லுல தங்கவெச்சு நீங்களே சோறு போடுங்க. சோறு மட்டும் சூடா இருக்கோணும். ஆறிப்போச்சுன்னா குனிஞ்சுக்குங்க."

கூட்டத்தில் இருந்த ஆண்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள், அது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சமைத்ததை வீணாக்க முடியாது என்று எல்லோரும் மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டோம். குப்பண்ணனும் சாப்பிட்டார், அவருக்குப் பாயசம் இரண்டாம் தடவை வரவில்லை.

அர்த்தனாரி லாரி போய்க்கொண்டே இருந்தது. அவன் டீக்கு நிறுத்துகிற நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. முதலில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு விடிகாலை டீ குடித்தான், பிறகு எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் குடித்தான், அதை வைத்து ஸ்கூல் வாத்தியார் உலகப் படத்தை விரித்துக் கணக்குப் போட்டு, லாரி கடலைத் தாண்டிவிட்டது என்று சொன்னார், எப்படித் தாண்டியது என்பது லாரிக்கும் கடலுக்கும் உள்ள விவகாரம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவனோடு சேர்ந்து டீ குடிக்க யாராலும் முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஜனம் முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவரவருக்குப் பசித்தபோது சாப்பிட ஆரம்பித்தது. ஆனால் ஜோசப்ராஜ் பட்டறை வாசலில் ஒரு திங்கட்கிழமை காலையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருத்தி முந்தானைக்குள்ளும் புருஷன் லாரியிலிருந்து கழற்றிய ஒரு ஆயில் மீட்டர் இருந்தது. மாட்டித் தரச் சொன்னார்கள். வரவழைக்கவா, துரத்தவா என்று அவன் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் ஊர் ஆண்கள் வீட்டில் சோறு ஆறியிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

எஞ்சின் இல்லாத சென்னியப்பன் அடுத்தவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய் வந்தான். பாவாத்தாள் கடையில் இரண்டு அடுப்பு கூட்டினாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து தை பிறப்பதற்குள் ஜோசப்ராஜைக் கொண்டு எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து மாட்டினார்கள். அந்த மீட்டரைக் கழற்றியாயிற்று. அதை என்ன செய்வது என்று ஜோசப்ராஜ் கேட்டதற்கு, ஆணியடித்து உன் பட்டறையிலேயே மாட்டிவை, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே வந்து பார்க்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். காரில் டப்பாவோடு வந்த புது மீட்டர் ஒன்று மாட்டினார்கள், சாவி போட்டால் எழுந்தது, எடுத்தால் படுத்தது, வேறு எந்த வண்டியைப் பற்றியும் அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னியப்பன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று கிலோ. அது அவன் வண்டியின் மூன்று கிலோ.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு பாவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தாள். அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, தள்ளிப் போ என்று கையைக் காட்டினாள்.

"எங்கக்கா போவோணும்? நான் ஓட்டறேன்."

"எங்கியும் போவோண்டாம்" என்று அவள் சீட்டில் உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒரு பெடலு எனக்குத் தெரியும். மிச்சம் ரெண்டையும் சொல்லிக் குடு."